பழைய இத்தாலியக் கால்பந்து: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் பழைய இத்தாலிய லீகைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

"பழைய சீரி ஆ" என்று உருகுகிறீர்களே, அது எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை?

சீரி ஆ என்றால் இத்தாலியக் கால்பந்து லீகின் முதல் பிரிவு. 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்தில், வெளிநாட்டு வீரர்களைப் புதிதாகச் சேர்ப்பதற்கு இத்தாலி கதவைச் சாத்திவிட்டது. அந்தக் கதவு மறுபடி திறந்தது 1980-இல். 2006-இல் வெடித்த நடுவர் ஊழலோடு அந்தக் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அதன் உயிர் இருந்தது 1984-க்கும் 2001-க்கும் இடையில்தான்.

ஸ்குடெட்டோ, கால்ச்சோ, கத்தெனாச்சோ... இதற்கெல்லாம் தமிழில் என்ன?

கால்ச்சோ என்றால் உதை. இத்தாலியர்கள் கால்பந்துக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்குடெட்டோ என்றால் சின்னக் கேடயம். லீகை வென்ற அணி, அடுத்த சீசன் முழுவதும் மூவண்ணக் கேடயச் சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு ஆடும். அதனால் பட்டத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. கத்தெனாச்சோ என்பது கதவின் தாழ்ப்பாள்: தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் இன்னொருவரை நிறுத்தி, ஒரு கோல் போட்டதும் தாழிட்டுவிடும் ஆட்டமுறை. ரசிகர்களை "திஃபோசி" என்பார்கள். டைஃபஸ் காய்ச்சலின் பெயரிலிருந்து வந்த சொல் அது. காய்ச்சல் கண்டவர்கள், பொருத்தமான பெயர்தான்.

உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஏன் அங்கேயே போய் விழுந்தார்கள்?

பணம்தான். இத்தாலியில் கிளப் என்பது பெரிய முதலாளியின் கௌரவச் சொத்து. யுவென்டஸுக்குப் பின்னால் ஃபியட் கார் குடும்பம். மிலானை 1986-இல் பெர்லுஸ்கோனி வாங்கினார். பார்மாவுக்குப் பின்னால் பால் நிறுவனமான பார்மலாட், லாட்ஸியோவுக்குப் பின்னால் தக்காளி டப்பா விற்ற சீரியோ. 1992-ஆம் ஆண்டின் ஒரே கோடைக்காலத்தில் பப்பன், வியல்லி, லென்டினி என்று, ஒரு வீரரை இன்னொரு கிளப்பிடமிருந்து வாங்கக் கொடுக்கும் மாற்றுத் தொகையின் உலகச் சாதனை மூன்று முறை முறிந்தது. மூன்று முறையும் வாங்கியது இத்தாலிய கிளப்தான்.

போட்டிக்கும் ஆள் குறைவு. 1985-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த துயரத்துக்குப் பிறகு, ஆங்கிலேய கிளப்கள் ஐந்தாண்டு ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தன.

பணம் இருந்தால் இரண்டு பெரிய கிளப்களே எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்குமே? இப்போது அப்படித்தானே நடக்கிறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அள்ள முடியாது, விதி விடாது. 1980-இல் ஒரு கிளப்புக்கு ஒரு வெளிநாட்டு வீரர். 1982-இல் இரண்டு. 1988-இல் மூன்று. மிலானிடம் எவ்வளவு கோடி லிரா இருந்தாலும் நான்காவது ஆளைக் களத்தில் இறக்க முடியாது. ஆகவே பந்தியில் பரிமாறுவதுபோல நட்சத்திரங்கள் ஊர் ஊராகப் போய் விழுந்தார்கள்.

பிரேசிலின் ஜிக்கோ போனது உடினே என்ற எல்லையோரச் சிறு நகரத்துக்கு. அவரைச் சேர்ப்பதற்குக் கால்பந்துச் சம்மேளனம் முட்டுக்கட்டை போட்டபோது, "ஜிக்கோவைக் கொடுங்கள், இல்லையென்றால் ஆஸ்திரியாவோடு போய்விடுகிறோம்" என்று ஊர்க்காரர்கள் பதாகை பிடித்தார்கள். இன்னொரு பிரேசில் நட்சத்திரமான சாக்ரட்டீஸ் ஃபியோரென்டினாவில் ஆடினார். ருமேனியாவின் ஹாஜி பிரெஷ்யாவோடு இரண்டாம் பிரிவில்கூட ஆடியிருக்கிறார். விளைவைப் பட்டத்தில் பாருங்கள்: 1983 முதல் 1991 வரை ஒன்பது சீசன்களில் ஏழு வெவ்வேறு கிளப்கள் ஸ்குடெட்டோ வென்றன. ரோமா, யுவென்டஸ், வெரோனா, நாப்போலி, மிலான், இன்டர், சம்ப்டோரியா. இன்றைய பெரிய லீக் எதிலாவது அப்படி ஒரு பட்டியலைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெரோனாவா? ரோமியோ ஜூலியட் ஊரா? ஷூ இல்லாமல் கோல் அடித்தார்கள் என்பதெல்லாம் கதைதானே?

கதை இல்லை. 1984 அக்டோபரில் யுவென்டஸுக்கு எதிராக வெரோனாவின் டென்மார்க்காரர் எல்கியர் இடது ஓரத்தில் பந்தோடு ஓடினார். யுவென்டஸின் பியோலி சறுக்கி வந்து தடுத்ததில் எல்கியரின் வலது ஷூ கழன்று போனது. அவர் நிற்கவில்லை. பெட்டிக்குள் புகுந்து, இன்னொருவரை ஏமாற்றி, காலுறை மட்டும் போட்டிருந்த அந்தக் காலாலேயே பந்தை வலைக்குள் தள்ளினார். தடுக்கப் போன அந்தப் பியோலிதான் 2022-இல் பயிற்சியாளராக மிலானுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர்.

அந்த 1984-85 சீசனில் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை முழுக்கக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பெரிய கிளப்களுக்குச் சாதகமான நடுவர் கிடைக்காததால்தான் வெரோனா வென்றது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பயிற்சியாளர் பஞ்ஞோலியின் வெரோனா அணி 30 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்றது. குலுக்கல் சீட்டு கோல் அடிக்காது.

மரடோனாவை நேப்பிள்ஸ்காரர்கள் சாமியாகவே கும்பிடுகிறார்கள். இரண்டு பட்டத்துக்காகவா இவ்வளவு?

இரண்டு பட்டத்துக்காக மட்டும் இல்லை. இத்தாலியின் வடக்கு பணக்கார வடக்கு. தெற்கு ஏளனத்துக்கு ஆளான தெற்கு. மரடோனா 1984 செப்டம்பரில் நேப்பிள்ஸின் கிளப்பான நாப்போலிக்காக ஆடிய முதல் லீக் ஆட்டம் வெரோனாவில். அங்கே "இத்தாலிக்கு நல்வரவு" என்று பதாகை தொங்கியது. நேப்பிள்ஸ் இத்தாலியே இல்லை என்று குத்திக்காட்டும் வரவேற்பு அது. அதுவரை தெற்கு மண்ணின் எந்த கிளப்பும், சார்டினியா தீவின் கல்யாரியைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்குடெட்டோ வாங்கியதில்லை. 1987 மே 10 அன்று நாப்போலி வாங்கியது. ஊர் பல நாள் உறங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் சுவரில் யாரோ எழுதிவைத்தார்கள்: "எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது." செத்தவர்களிடம் போய்ச் சொல்லத் தோன்றிய சந்தோஷம் அது.

1989-இல் ஐரோப்பிய கிளப் போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பை, 1990-இல் இரண்டாவது பட்டம். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இதே நேப்பிள்ஸில் அர்ஜென்டினா இத்தாலியைப் பெனால்டியில் வெளியேற்றியது. நாடு முழுவதும் மரடோனாவின் மீது கசந்தது. மறு ஆண்டே கொக்கைன் சோதனையில் சிக்கி, 15 மாதத் தடையோடு வெளியேறினார். சாமி கும்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

மிலான் மிலான் என்கிறீர்கள். குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட் மூன்று பேர் இருந்தால் யார் வேண்டுமானாலும் வெல்லலாமே?

மூன்று வெளிநாட்டுக்காரர்கள் என்பதே விதி அனுமதித்த உச்சம்; மேலே சொல்லியிருக்கிறேன். மற்ற எட்டுப் பேர்தான் விஷயம். தஸோட்டி, கோஸ்டகூர்த்தா, பரேசி, மால்டினி என்ற நால்வர் வரிசை ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னும் பின்னும் நகரும். பரேசி கையைத் தூக்கினால் ஆஃப்சைடு. பயிற்சியாளர் சாக்கி தன் அப்பாவின் ஷூ ஆலைக்காக விற்பனை வேலை பார்த்தவர். தொழில்முறையில் ஆடியதே இல்லை. அதைச் சொல்லிக் குத்தியவர்களுக்கு, "குதிரையோட்டி ஆவதற்கு முன்னால் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று பதில் சொன்னார். பந்தே இல்லாமல் பதினொருவரையும் களத்தில் நகரவைத்துப் பயிற்சி கொடுத்தவர் அவர்.

1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. அவருக்குப் பின் வந்த கப்பெல்லோவின் காலத்தையும் சேர்த்து, 1991 மே முதல் 1993 மார்ச் வரை லீகில் 58 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. அந்தத் தொடரை முறித்தது பார்மாவின் அஸ்ப்ரில்லா அடித்த ஒரு ஃப்ரீ கிக்.

உண்மையைச் சொல்லுங்கள், ஆட்டம் போரடிக்காதா? 0-0, 1-0 என்றுதானே முடியும்?

சில நாள் போரடிக்கும். மறுக்கவில்லை. 1993-94-இல் மிலான் 34 ஆட்டங்களில் வெறும் 36 கோல் போட்டுப் பட்டம் வென்றது, எதிரணிகளிடம் வாங்கிய கோல் 15. அதே அணிதான் அந்த மே மாதம் ஏதென்ஸில் பார்சிலோனாவை 4-0 என்று துவைத்தது.

ஆனால் தாழ்ப்பாள் கதையையே எல்லாருக்கும் ஒட்டுவது தவறு. 1992 அக்டோபரில் ஃபியோரென்டினா 3, மிலான் 7. ஸெமான் பயிற்சியளித்த ஃபோஜ்ஜா 1991-92-இல் 58 கோல் அடித்து, 58 கோல் வாங்கி, ஒன்பதாவது இடத்தில் முடித்தது. கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் நேராகிவிட்டன, பார்த்தவனுக்குத்தான் லாபம்.

இன்னொன்று. 1 கோலில் முடியும் ஆட்டத்தில், அந்த ஒரு கோலுக்காக ஒரு மரடோனாவும் ஒரு பரேசியும் தொண்ணூறு நிமிடம் மோதிக்கொள்வதைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு 5-4 கொஞ்சம் திகட்டும். இது வயதான ரசிகனின் அகம்பாவம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றி ஏன் இத்தாலியர்கள் இப்படிக் கண்ணீர் விடுகிறார்கள்?

எல்லா ஆட்டமும் ஞாயிறு பிற்பகலில், ஒரே நேரத்தில் தொடங்கும். நேரடித் தொலைக்காட்சி கிடையாது. இருந்தது ரேடியோ: 1960-இல் தொடங்கிய "எல்லாக் கால்பந்தும், நிமிடத்துக்கு நிமிடம்" என்ற நிகழ்ச்சி. ஒரு மைதானத்திலிருந்து அமேரி வர்ணித்துக்கொண்டிருப்பார், நடுவில் கரகரத்த குரலில் ச்சோட்டி குறுக்கிடுவார்: "மன்னிக்கவும் அமேரி." அந்த இரண்டு சொல்லுக்கு நாடே மூச்சைப் பிடிக்கும். எங்கோ கோல் விழுந்திருக்கிறது. யார் வலையில் என்று தெரிய இன்னும் ஒரு வாக்கியம் காத்திருக்க வேண்டும். பதின்மூன்று ஆட்டங்களின் முடிவைக் கணிக்கும் தோத்தோகால்ச்சோ சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்த வாக்கியம் இன்னும் நீளம்.

1993-இல் கட்டணத் தொலைக்காட்சி வந்து, ஓர் ஆட்டத்தை ஞாயிறு இரவுக்கு நகர்த்தியது. பிறகு சனி, வெள்ளி, திங்கள் என்று வாரம் முழுக்கச் சிதறிவிட்டது.

2000-இல் மழையால் பட்டம் கைமாறியது என்கிறார்களே, அது என்ன?

ரேடியோவின் கடைசிப் பெரிய நாள் என்று நான் நினைப்பது அதைத்தான். 2000 மே 14, கடைசி நாள். யுவென்டஸ் லாட்ஸியோவை விட இரண்டு புள்ளி முன்னால். ரோமில் லாட்ஸியோ ரெஜ்ஜீனாவை 3-0 என்று வென்று வேலையை முடித்துவிட்டது. பெருஜாவில் யுவென்டஸ் ஆட்டம் இடைவேளையில் 0-0 என்று நிற்க, வானம் பொத்துக்கொண்டது. களம் குளமாகிவிட்டது. நடுவர் கொல்லினா குடை பிடித்துக்கொண்டு இறங்கி, பந்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பந்து எழும்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருப்பு. ரோமில் ஆட்டம் முடிந்தும் மக்கள் வீட்டுக்குப் போகவில்லை. பாதிப் பேர் களத்தில் இறங்கி, காதில் ரேடியோவோடு நின்றார்கள்.

மறுபடி தொடங்கிய சில நிமிடங்களில் பெருஜாவின் தடுப்பாட்டக்காரர் கலோரி கோல் போட்டார். யுவென்டஸால் திருப்ப முடியவில்லை. மாலை 6 மணி 4 நிமிடம் என்று நேரத்தையும் சேர்த்து வர்ணனையாளர் லாட்ஸியோவைச் சாம்பியன் என்று அறிவித்தார். தன் அணி ஆடாத ஓர் ஆட்டத்தைக் காதால் கேட்டே பட்டம் வென்ற கூட்டம் அது.

பாஜ்ஜியோ உலகக் கோப்பைப் பெனால்டியை வீணடித்தவர்தானே? அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1994 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் பசடேனாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் அடித்தது கம்பத்துக்கு மேலே போனது உண்மை. அந்த இறுதிக்கு இத்தாலியை இழுத்து வந்தவரும் அவரே: நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக வெற்றி கோல், பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு.

1990-இல் ஃபியோரென்டினா அவரை யுவென்டஸுக்கு விற்றபோது, அந்த கிளப்பின் ஊரான ஃபிளாரன்ஸின் தெருக்களில் கலவரம் நடந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் யுவென்டஸ் சட்டையோடு அதே ஊருக்குத் திரும்பினார். யுவென்டஸுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பருக்குத் தன் பாணி தெரியும் என்று சொல்லி அடிக்க மறுத்தார். வேறொருவர் அடித்து வீணானது. அவரை வெளியே அழைத்தபோது கூட்டத்திலிருந்து ஃபியோரென்டினாவின் ஊதாக் கழுத்துத்துண்டு ஒன்று விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார். யுவென்டஸ்காரர்கள் அதை எளிதில் மன்னிக்கவில்லை.

யுவென்டஸ், மிலான், இன்டர் மூன்றுக்கும் ஆடியும், மூன்றில் எதுவும் அவர் ஊர் இல்லை. முழங்கால் ஆரம்பம் முதலே கெட்டது. பயிற்சியாளர்கள் பலருக்கு அவரை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கடைசி நான்கு சீசன்களைப் பிரெஷ்யாவில் கழித்து, 205 லீக் கோல்களோடு 2004-இல் நிறுத்தினார். புத்த மதத்தைத் தழுவியவர். எந்த கிளப் ரசிகனும் அவரைத் தன்னவர் என்று சொல்லிக்கொள்ளலாம். காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் காலத்து வீரர்களுக்கு மட்டும்தான் விசுவாசம் இருந்ததா?

எல்லாருக்கும் இல்லை, மேலே சொன்ன சாதனைத் தொகைகளைப் பாருங்கள். இருந்தவர்கள் பெரிதாக இருந்தார்கள். ஜீஜி ரீவா வடக்கின் அழைப்பை மறுத்துக் கல்யாரியிலேயே தங்கி, 1970-இல் அந்தத் தீவுக்கு ஒரே ஒரு பட்டம் வாங்கித் தந்தார். ஃபியோரென்டினா 1993-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது பத்திஸ்தூத்தா கூடவே இறங்கினார். பின்னாளில் ரோமாவுக்குப் போய் ஃபியோரென்டினாவுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தபோது அழுதார்.

ரசிகர்களின் விசுவாசத்தையும் கொஞ்சம் கேள்வி கேட்கலாம். மிலானுக்கு 25 சீசன் ஆடிய மால்டினி 2009-இல் சொந்த மைதானமான சான் சீரோவில் விடைபெற்றபோது, தீவிர ரசிகர் கூட்டத்தின் ஒரு பகுதி விசிலடித்து அவமதித்தது.

வெம்ப்ளியில் மன்சீனியும் வியல்லியும் கட்டிப்பிடித்து அழும் படத்தைப் பார்த்தேன். யூரோ வென்றால் அவ்வளவு அழுகையா?

அது 29 ஆண்டுக் கணக்கு. சம்ப்டோரியாவில் சேர்ந்து ஆடி, 1991-இல் அந்த கிளப்பின் ஒரே பட்டத்தை வென்ற சோடி அவர்கள். மறு ஆண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இதே வெம்ப்ளியில், கூடுதல் நேரத்தில், பார்சிலோனாவின் கூமன் அடித்த ஃப்ரீ கிக்கில் தோற்றார்கள். வியல்லி அன்று நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டிருந்தார். 2021-இல் மன்சீனி இத்தாலியின் பயிற்சியாளர். வியல்லி அணியோடு இருந்தவர், புற்றுநோயோடும் இருந்தவர். 2023 ஜனவரியில் இறந்துபோனார். இனி அந்தப் படத்தைப் பாருங்கள்.

அவ்வளவு பணம் இருந்த லீக் எப்படி இப்படிச் சரிந்தது?

அந்தப் பணத்தில் பெரும்பகுதி இல்லாத பணம். சீரியோ 2002-இல் கடனைத் திருப்ப முடியாமல் நின்றது. 2003 டிசம்பரில் பார்மலாட்டின் கணக்குப் புத்தகமே பொய் என்று வெளிவந்தது. பதினேழு வயது கோல்கீப்பர் பஃப்பனை 1995-இல் களமிறக்கிய பார்மா, 1999-இல் யூஇஎஃப்ஏ கோப்பை வென்ற பார்மா, 2015-இல் திவாலாகி நான்காம் பிரிவிலிருந்து தொடங்கியது. ஃபியோரென்டினா 2002-இலும் நாப்போலி 2004-இலும் அதே வழியில் போய்த் திரும்பின.

மைதானங்கள் பெரும்பாலும் நகராட்சிச் சொத்து. 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டியவற்றில் சில, தடகள ஓடுபாதைக்கு அப்பால் ரசிகனை உட்காரவைத்தவை. டூரினின் டெல்லே ஆல்ப்பியை இருபது ஆண்டுகூட ஆகாமல் இடித்தார்கள். இதற்கிடையே 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மான் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றிய வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கூடாது என்றது. நட்சத்திரங்களை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்த விதி அதோடு போயிற்று. தீர்ப்பு நியாயமானது, தொழிலாளி எங்கும் வேலை செய்யலாம். நான் ஏங்குவது ஓர் அநியாயமான விதி தந்த அழகுக்காக. இதை மறைப்பதில் பயனில்லை.

எல்லாம் பொய்யும் சூதும் என்கிறார்களே, பிறகு எதை நினைத்து ஏங்குவது?

1980-இல் பந்தய ஊழலுக்காக மிலானும் லாட்ஸியோவும் கீழே இறக்கப்பட்டன. 1998-இல் ஸெமான், கால்பந்து மருந்துக்கடையை விட்டு வெளியே வர வேண்டும் என்று பேசி ஊக்கமருந்து விசாரணைக்கு வழிவைத்தார். 2006-இல் நடுவர் நியமன ஊழலில் யுவென்டஸின் பட்டங்கள் பறிக்கப்பட்டு, அது இரண்டாம் பிரிவுக்குப் போனது. பட்டியல் நீளம். ஒரு சீசனின் முடிவைச் சந்தேகிக்கலாம். எல்கியரின் காலுறைக் காலைச் சந்தேகிக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவதை.

நமக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா, சார்?

உண்டு, கொஞ்சம் தாமதமாக வந்தது. லாட்ஸியோ 2000-இல் பட்டம் வென்றபோது அணித்தலைவராக இருந்த நெஸ்டா, 2014-இல் சென்னையின் எஃப்சிக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். பயிற்சியாளர் இன்டரின் மாத்தராஸ்ஸி. 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அதைக் கடந்து அணி அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது.

எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள்.

2001 ஏப்ரல் 1, டெல்லே ஆல்ப்பி. யுவென்டஸ் 1-0 என்று முன்னால். நேரம் முடியப்போகிறது. பிரெஷ்யாவின் நடுக்களத்தில், இன்டரிலிருந்து கடனாக வந்த இளைஞன் பிர்லோ தலையை நிமிர்த்தி ஒரு நீளப் பந்தைத் தூக்கிவிடுகிறான். பாஜ்ஜியோவுக்கு அப்போது 34 வயது. பந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து இறங்குகிறது. காலை நீட்டி ஒரே ஒரு தொடுகை. அதிலேயே பந்து அடங்கி, பாய்ந்து வந்த கோல்கீப்பர் வான் டெர் சாரைச் சுற்றிப் போய்விடுகிறது. மீதி, காலி வலை. முதல் முறை பாஜ்ஜியோவைப் பாருங்கள். இரண்டாவது முறை வான் டெர் சாரின் கைகளைப் பாருங்கள்.